காலி டைரக்டரி

2023 டிசம்பர் 14, வியாழக்கிழமை. மணி பதினொன்றரை இருக்கும். கோவைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நூற்பாலையிலிருந்து போன். அவர்களுடைய விற்பனைக் கணக்கு முழுவதும் நாங்கள் பராமரிக்கிற சர்வரில்தான் ஓடுகிறது. பேசியவர் அங்கே கணக்குப் பிரிவைப் பல வருடமாகக் கவனித்துவரும் அம்மா.

"தம்பி, ரேட் எல்லாம் மாறிப்போச்சுங்க. 40ஆம் நம்பர் நூலுக்கும் 60ஆம் நம்பருக்கும் ஒரே ரேட் காட்டுது. போன வருசத்துப் பில்லைத் தொறந்தாலும் அப்படித்தான் இருக்குது. நேத்து ராத்திரி எப்படி இருந்துச்சோ அப்படியே ஆக்கிக் குடுத்துருங்க."

விஷயம் சீக்கிரமே புரிந்தது. மென்பொருள் எழுதிக்கொடுத்த பையன் ஒரு ரகத்தின் விலையை மாற்றப் போய், எந்த ரகம் என்ற நிபந்தனையை விட்டுவிட்டு கட்டளையை ஓட்டியிருக்கிறான். டேட்டாபேஸில் இருந்த அத்தனை பில்லிலும் ஒரே விலை ஏறிவிட்டது. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் எல்லோரும் ஒரு தடவையாவது பார்த்த விபத்து. தினமும் அதிகாலை 2 மணிக்கு அந்த டேட்டாபேஸின் ஸ்னாப்ஷாட் எடுக்கப்படுகிறது, 90 நாள் வரை இருப்பில் இருக்கிறது. காலையில் எனக்கு வரும் மெயிலில் அன்றும் "வெற்றி" என்றுதான் இருந்தது.

"ஒரு மணி நேரம் குடுங்கம்மா" என்றேன். முழு நம்பிக்கையோடுதான் சொன்னேன். அந்த ஒரு மணி நேரம் சனிக்கிழமை நள்ளிரவு வரை நீண்டது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். சர்வர் வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுக்க விரும்புகிற கதை இது.

எங்கள் சர்வரில் ஓடுவது ஃப்ரீபிஎஸ்டி. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் ஒரு ஜெயில். எங்கள் ஊர்ப்பக்கம் லைன் வீடு என்போமே, அதுபோன்ற ஏற்பாடு. ஒரே காம்பவுண்டு, ஒரே கிணறு, வரிசையாகப் பத்து வீடு. குடியிருப்பவருக்குத் தன் வீட்டுக்குள் முழு உரிமை. பக்கத்து வீட்டுக்குள் எட்டிப் பார்க்க முடியாது. கிணறு என்பது இங்கே கெர்னல், அது ஒன்றுதான். ஒவ்வொரு ஜெயிலுக்கும் தனி ரூட் உண்டு, தனி ஐபி முகவரி உண்டு, தனிப் பயனர்கள் உண்டு. உள்ளே இருப்பவருக்குத் தனி மெஷின் என்றே தோன்றும்.

இதற்கு விதை 1979இல் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் வந்த சீரூட். ஒரு புரோகிராமுக்கு, "இந்த டைரக்டரிதான் உன் உலகத்தின் உச்சி" என்று சொல்லிவிடுவது. ஆனால் உள்ளே இருப்பவர் ரூட் ஆகிவிட்டால் அந்தச் சுவர் நிற்காது. டென்மார்க்கைச் சேர்ந்த பவுல்-ஹென்னிங் காம்ப் அந்தச் சுவரை உயர்த்திக் கட்டினார். 2000 மார்ச்சில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 4.0இல் ஜெயில் சேர்ந்தது. அதே வருடம் அவரும் ராபர்ட் வாட்சனும் சேர்ந்து எழுதிய கட்டுரையை இந்த வேலைக்கு வருகிறவர்கள் இன்றும் படிக்கலாம். எல்லாம் வல்ல ரூட்டை எப்படிக் கட்டுக்குள் வைப்பது என்பதுதான் அதன் பொருள், பழையதாகவே இல்லை.

இன்னொரு பக்கம் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல்சிஸ்டம். சன் மைக்ரோசிஸ்டம்ஸில் ஜெஃப் பான்விக்கும் மேத்யூ ஆரன்ஸும் தொடங்கிய வேலை. 2005இல் சோலாரிஸ் மூலநிரலில் சேர்ந்தது. பாவெல் யாகுப் தாவிதெக் அதை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுவந்தார், 2008இல் 7.0 பதிப்போடு எங்கள் கைக்கு வந்தது. அந்தக் காலத்துக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் எதையும் அழிக்க மாட்டார். தப்பு நேர்ந்தால் அடித்துவிட்டு, அடுத்த வரியில் சரியானதை எழுதுவார். இசட்எஃப்எஸ்ஸும் அப்படித்தான். ஒரு பிளாக்கில் இருப்பதன் மேலேயே புதியதை எழுதாது. வேறு இடத்தில் எழுதிவிட்டு, சுட்டியை மாற்றும். ஆகவே ஸ்னாப்ஷாட் எடுக்க எதையும் நகலெடுக்க வேண்டியதில்லை. "இந்த நிமிடத்துப் பழைய பிளாக்குகளை விட்டுவிடாதே" என்று சொன்னால் போதும். 41 ஜிபி டேட்டாபேஸாக இருந்தாலும் ஒரு நொடிகூட ஆகாது.

ஒரு பூலுக்குள் எத்தனை டேட்டாசெட் வேண்டுமானாலும் உருவாக்கலாம். ஒவ்வொன்றும் ஒரு தனி ஃபைல்சிஸ்டம். ஒரு டேட்டாசெட்டை ஒரு ஜெயிலிடம் ஒப்படைத்துவிடவும் முடியும். ஜெயில்டு என்ற பண்பை ஆன் செய்து, ஜெயிலோடு இணைத்துவிட்டால், உள்ளே இருப்பவரே அதை மவுண்ட் செய்துகொள்ளலாம், ஸ்னாப்ஷாட் எடுக்கலாம், குளோன் போடலாம். கோட்டாவை மட்டும் உள்ளிருந்து மாற்ற முடியாது. அந்த மில்லின் டேட்டாபேஸுக்கு அப்படி ஒரு டேட்டாசெட் இருந்தது.

அன்று என்னோடு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அனுபவம் இரண்டு வருடம். கைவேகம் அதிகம். புதன் இரவு ஸ்னாப்ஷாட் திரையில் தெரிந்ததும், "ரோல்பேக் பண்ணிரலாங்களாண்ணா?" என்றாள்.

"வேண்டாம்மா. குளோன் போடு."

ரோல்பேக் என்பது திரும்பி வர வழியில்லாத பாதை. அந்த ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எழுதப்பட்டதெல்லாம் போய்விடும். நடுவில் வேறு ஸ்னாப்ஷாட்டுகள் இருந்தால், அவற்றையும் அழிக்கச் சம்மதம் கொடுத்தால்தான் வேலையே நடக்கும். குளோன் அப்படியில்லை. பழைய நிலையைப் பக்கத்தில் தனியாகத் திறந்து வைத்துப் பார்க்கலாம், பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போடலாம். அவசர நேரத்தில் குளோன்தான் போட வேண்டும் என்பது எனக்குப் பழகிப்போன ஒழுங்கு. அன்று உண்மையைக் காட்டிக்கொடுத்ததும் அதுதான்.

குளோன் போட்டாள். அதன் மேல் இன்னொரு போஸ்ட்கிரெஸ் சர்வரை வேறு போர்ட்டில் எழுப்பினாள். எழுந்தது. விலைகள் சரியாக இருந்தன. 40க்கு ஒரு விலை, 60க்கு ஒரு விலை. எனக்கு மூச்சு வந்தது. கடைசிப் பில் எது என்று பார்க்கச் சொன்னேன். புதன்கிழமைப் பில்லாக இருக்க வேண்டும்.

கொஞ்ச நேரம் அவள் பேசவில்லை. பிறகு, "அண்ணா, அக்டோபர் 7ன்னு காட்டுதுங்க" என்றாள்.

தவறான ஸ்னாப்ஷாட்டை எடுத்திருப்பாள் என்று நினைத்து, செவ்வாய்க்கிழமையுடையதைப் போடச் சொன்னேன். அக்டோபர் 7. திங்கள்கிழமையுடையது. அதே அக்டோபர் 7. பிறகுதான் மொத்தப் பட்டியலையும் திரையில் வரவழைத்து மெதுவாக மேலிருந்து கீழே வந்தேன். அந்தப் பட்டியல் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. செப்டம்பர் மாத வரிசைகளில் ஒவ்வொரு இரவும் ஏதாவது ஒரு வித்தியாசம்: 'யூஸ்டு' பத்தியில் ஒரு நாள் 180 எம், மறுநாள் 212 எம், ஞாயிற்றுக்கிழமைகளில் குறைவு. 'ரெஃபர்' பத்தியில் 41.1 ஜி, 41.2 ஜி என்று நிதானமான ஏற்றம். மில் வேலை செய்ததும் லீவு விட்டதும் அந்த எண்களிலேயே தெரிந்தது. அக்டோபர் 9ஆம் தேதியிலிருந்து எல்லா வரியும் ஒரே மாதிரி. யூஸ்டு பூஜ்யம். ரெஃபர் 41.3 ஜி. பூஜ்யம், 41.3. பூஜ்யம், 41.3. 67 இரவுகள்.

67 இரவும் ஸ்னாப்ஷாட் பிழையில்லாமல் எடுக்கப்பட்டிருக்கிறது. எடுக்கப்பட்ட டேட்டாசெட்டில் யாரும் எதையும் எழுதவே இல்லை.

அப்படியென்றால் இரண்டு மாதமாக மில் போட்ட பில்லெல்லாம் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது? சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, நேற்றைய பில்லும் அதில் இருக்கிறது. ஜெயில்களைத் தாங்கும் ஹோஸ்ட் மெஷினுக்குப் போய் மவுண்ட் பட்டியலைப் பார்த்தேன். டேட்டாபேஸின் டேட்டாசெட் அந்தப் பட்டியலிலேயே இல்லை. மவுண்ட் ஆகவில்லை. ஜெயிலின் ரூட் டேட்டாசெட்டை அளந்து பார்த்தால், 3 ஜிபி இருக்க வேண்டியது 41 ஜிபிக்கு மேல் வீங்கியிருந்தது. மவுண்ட் ஆகாத டேட்டாசெட்டுக்காக விடப்பட்டிருந்த வெறும் டைரக்டரிக்குள், ரூட் டேட்டாசெட்டின் மேலேயே, மொத்த டேட்டாபேஸும் குடியேறியிருந்தது.

அக்டோபர் 8, ஞாயிற்றுக்கிழமை இரவு என்ன நடந்தது என்பது பிறகு துண்டு துண்டாகச் சேர்ந்தது. ஃப்ரீபிஎஸ்டி 12க்கு ஆதரவு அந்த வருடக் கடைசியோடு முடிவதால், அன்று 13க்கு ஏற்றினோம். பழைய ஜெயில் கருவியைக் கைவிட்டு, அமைப்புகளைப் புதிதாக ஜெயில்.கான்ஃப் கோப்பில் எழுதினோம். எழுதியது நான். டேட்டாசெட்டை ஜெயிலோடு இணைக்கும் வரியை எழுதினேன். ஆனால் உள்ளே மவுண்ட் செய்வதற்கு மூன்று அனுமதிகள் சேர்ந்து வேண்டும். பொதுவாக மவுண்ட் செய்ய ஒன்று, இசட்எஃப்எஸ் மவுண்ட் செய்ய ஒன்று, என்ஃபோர்ஸ்-ஸ்டாட்எஃப்எஸ் என்ற மதிப்பு 2க்குக் கீழே இருப்பது ஒன்று. முதல் இரண்டையும் எழுதியிருந்தேன். மூன்றாவதை விட்டுவிட்டேன். அதன் இயல்பு மதிப்பு 2. அது 2 ஆக இருந்தால் முதல் இரண்டு அனுமதிகளும் செல்லாது.

ஜெயில் எழுந்தது. மவுண்ட் செய்யப் பார்த்தது, அனுமதி இல்லை என்று ஒரு வரி கன்சோல் லாகில் விழுந்தது, பூட் தொடர்ந்து போனது. போஸ்ட்கிரெஸ் தன் டைரக்டரியைத் தேடியது. டைரக்டரி இருந்தது, உள்ளே ஒன்றும் இல்லை. எழ மறுத்தது. இரவுப் பணியில் இருந்த தம்பி பார்த்தான். மணி ஒன்று. நான் தூங்கப் போயிருந்தேன். காலி டைரக்டரியைப் பார்த்தவன், அப்கிரேடில் டேட்டா போய்விட்டது என்றே நினைத்துவிட்டான். அவன் நிலையில் யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பார்கள். நல்லவேளையாக ஒவ்வொரு ஞாயிறும் இரவு 10 மணிக்கு ஒரு முழு டம்ப் எடுப்போம், அன்றும் எடுத்திருந்தோம். அந்தக் காலி டைரக்டரியில் புதிதாக டேட்டாபேஸை உருவாக்கி, டம்பை ஏற்றி, விடிவதற்குள் மில்லைச் சேதமில்லாமல் ஓடவைத்துவிட்டான். காலையில், "டேட்டாபேஸ் எந்திரிக்கலைங்ண்ணா, டம்ப்ல இருந்து ஏத்தீட்டேன்" என்றான். நான் "சரிப்பா, நல்ல வேலை பண்ணினே" என்றேன். ஏன் எழவில்லை என்று கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை அன்றே கேட்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திருக்காது. குற்றம் அவனுடையதல்ல, என்னுடையது.

பிறகு இரண்டு மாதம் யாருக்கும் ஏன் தெரியவில்லை? இதுதான் இந்த விவகாரத்தின் நடுநரம்பு. ஜெயிலுக்குள் போய் டிஎஃப் கட்டளை கொடுத்தால் ஒரே ஒரு வரிதான் வரும்: ரூட். அந்த என்ஃபோர்ஸ்-ஸ்டாட்எஃப்எஸ் மதிப்பின் வேலையே அதுதான். 0 என்றால் மெஷினில் இருக்கும் எல்லா மவுண்ட்டும் ஜெயிலுக்குள் தெரியும். 1 என்றால் அந்த ஜெயிலின் உச்சிக்குக் கீழே இருப்பவை மட்டும் தெரியும். 2 என்றால் ஜெயிலின் ரூட் எதன் மேல் இருக்கிறதோ அது மட்டும்தான் தெரியும். 2இல் இருக்கும்போது, ஒரு டேட்டாசெட் மவுண்ட் ஆகியிருந்தாலும் ஒரு வரிதான், ஆகாவிட்டாலும் ஒரு வரிதான். பாதுகாப்புக்காக வைத்த திரை அது, நல்ல திரை. ஆனால் திரைக்கு உட்புறம் நிற்பவர், "மவுண்ட் ஆகியிருக்கிறதா" என்ற கேள்விக்கு அந்தப் பட்டியலை வைத்துப் பதில் சொல்லவே முடியாது. ஹோஸ்டில் நின்று பார்த்தால் பதில் முதல் நிமிடத்தில் கிடைத்திருக்கும். நாங்கள் யாரும் ஹோஸ்டில் நின்று பார்க்கவில்லை.

இரவு ஸ்கிரிப்டும் ஹோஸ்டில்தான் ஓடியது. ஆனால் ஸ்னாப்ஷாட் எடுக்க டேட்டாசெட் மவுண்ட் ஆகியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. எடு என்றால் எடுத்துவிடும். ஸ்கிரிப்ட் கேட்டது, "எடுத்தாயிற்றா" என்று மட்டும். வேறு ஊரில் இருக்கிற பேக்கப் சர்வருக்குத் தினமும் வித்தியாசத்தை மட்டும் அனுப்பும் வேலை, முன்பு நான்கைந்து நிமிடம் எடுத்தது, அக்டோபரிலிருந்து ஒரே நொடியில் முடிந்திருக்கிறது. அந்த நேரமும் லாகில் இருந்தது. புது பதிப்பு வேகமாக இருக்கிறது என்று நான்தான் ஒரு நாள் சொன்னேன்.

மில்லுக்கு என்ன ஆனது என்பதைச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 10 ஞாயிறு இரவு டம்ப் இருந்தது. அதைத் தனியாக ஏற்றி, பழைய பில்களின் விலையை எல்லாம் அதிலிருந்து எடுத்து, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸில் பொருத்தினோம். திங்கள் காலை முதல் வியாழன் முற்பகல் வரை போட்ட 214 பில்லின் விலை எங்குமே இல்லை. அச்சடித்த நகல்களை வைத்து, அந்த அம்மாவும் இன்னும் இருவரும் இரவு ஒன்பது மணி வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப ஏற்றினார்கள். நானும் போய் உடன் உட்கார்ந்தேன். அவர் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. "பேப்பர் இருந்துச்சு, பொழச்சோம்" என்று மட்டும் சொன்னார். எனக்கு அது வசவைவிடக் கனமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை அந்தப் பெண் ஜெயில்.கான்ஃபைத் திருத்தத் திறந்தாள். மதிப்பை 1 என்று மாற்றி ஜெயிலை ரீஸ்டார்ட் செய்தால் முடிந்தது என்று அவள் நினைத்தாள். கையைப் பிடித்துத் தடுத்தேன். இந்த மாதிரிக் கோளாறில் பிழையைக் கண்டுபிடிப்பதைவிட அதைச் சரிசெய்யும் நேரம்தான் ஆபத்தானது. மவுண்ட் என்பது கீழே இருப்பதை அழிக்காது, மூடிவிடும். அனுமதியைச் சரியாகக் கொடுத்து ரீஸ்டார்ட் செய்திருந்தால், அக்டோபர் மாத டேட்டாசெட் முறையாக மவுண்ட் ஆகி, ஓடிக்கொண்டிருந்த டேட்டாபேஸின் மேல் பாய் விரித்தது போல உட்கார்ந்திருக்கும். ஃப்ரீபிஎஸ்டி அதற்கு ஒரு எச்சரிக்கைகூடத் தராது. போஸ்ட்கிரெஸ் மகிழ்ச்சியாக எழும். மில்லில் காலையில் திறந்தால் கடைசிப் பில் அக்டோபர் 7. அதை யாரும் கவனிக்காமல் புதுப் பில் போட ஆரம்பித்தால், ஒரே கணக்கு இரண்டு கிளையாகப் பிரிந்து போயிருக்கும். பிறகு அதை ஒட்டவைக்கவே முடியாது.

சனிக்கிழமை இரவு மில் அடைத்த பிறகு வேலையை ஆரம்பித்தோம். முதலில் ஜெயிலின் ரூட் டேட்டாசெட்டுக்கும் டேட்டாபேஸ் டேட்டாசெட்டுக்கும் கையால் ஒரு ஸ்னாப்ஷாட். பிறகு போஸ்ட்கிரெஸை நிறுத்தினோம், ஜெயிலை நிறுத்தினோம். ஹோஸ்டில் நின்றபடி, டேட்டாபேஸ் இருந்த டைரக்டரியின் பெயரை மாற்றி ஓரமாக வைத்தோம், அதே பெயரில் ஒரு காலி டைரக்டரி செய்தோம். அந்தக் காலி டைரக்டரிக்கு ஒரு பூட்டுப் போட்டேன். ஃப்ரீபிஎஸ்டியில் எஸ்சிஹெச்ஜி என்று ஒரு கொடி இருக்கிறது. அதை ஏற்றிவிட்டால் ரூட்டாலும் உள்ளே ஒரு கோப்பை உருவாக்க முடியாது. ஆனால் அதன் மேல் மவுண்ட் செய்யத் தடையில்லை. ஜெயிலுக்குள் இருக்கும் ரூட்டுக்கு அந்தக் கொடியை இறக்கும் அதிகாரம் இயல்பாகக் கிடையாது. இனி டேட்டாசெட் மவுண்ட் ஆகாத இரவு எதுவானாலும், அந்த டைரக்டரியில் யாராலும் புது டேட்டாபேஸ் தொடங்க முடியாது. தொடங்கப் பார்ப்பவர் முகத்தில் பிழை அறையும். போன் என்னிடம் வரும்.

ஜெயில்.கான்ஃபில் அந்த மதிப்பை 1 ஆக்கிவிட்டு ஜெயிலைத் திரும்ப எழுப்பினோம். டேட்டாசெட் ஏறியது. ஹோஸ்டில் மவுண்ட் பட்டியலில் அந்த ஒரு வரியைப் பார்த்தபோது மணி பதினொன்று. ஓரமாக வைத்திருந்த டேட்டாபேஸை உள்ளே நகலெடுத்தோம். இந்தத் தடவை நேராக மவுண்ட் புள்ளியில் வைக்கவில்லை. அதற்குள் ஒரு துணை டைரக்டரி செய்து அதில் வைத்தோம். போஸ்ட்கிரெஸின் கையேடே அப்படித்தான் செய்யச் சொல்கிறது: வட்டு விலகிப்போனால் சர்வர் தெளிவாகத் தோற்க வேண்டும் என்பது அதன் காரணங்களில் ஒன்று. பல தடவை படித்த பக்கம்தான்.

உள்ளே நிற்பவரும் வெளியே நிற்பவரும் ஒரே வரியை வேறுவேறாகப் படிப்பார்கள் என்பது எனக்கு அதற்கு முன்பே ஒரு தடவை உறைத்திருக்க வேண்டும். பல வருடங்களுக்கு முன்னால், மூடிவிட்ட ஒரு ஜெயிலின் டேட்டாசெட்டிலிருந்து சில கோப்புகள் வேண்டியிருந்தன. ஹோஸ்டில் மவுண்ட் செய்யப் பார்த்தேன், மறுத்தது. ஜெயில்டு பண்பு ஆன் ஆகியிருந்தால் ஹோஸ்ட் அதைத் தொடாது. அலுப்பில் பண்பை ஆஃப் செய்துவிட்டு, எல்லாவற்றையும் மவுண்ட் செய்யும் கட்டளையைக் கொடுத்தேன். அந்த டேட்டாசெட்டின் மவுண்ட் புள்ளி /யூஎஸ்ஆர்/லோக்கல். ஜெயிலுக்குள் அது ஜெயிலின் /யூஎஸ்ஆர்/லோக்கல். ஹோஸ்டில் அதே எழுத்துக்கு அர்த்தம் ஹோஸ்டின் /யூஎஸ்ஆர்/லோக்கல். லைன் வீட்டில் குடியிருப்பவர் "பின்பக்க ரூம்" என்று எழுதிவைத்த சீட்டை, வீட்டுக்காரர் தன் பங்களாவில் படித்துப் பார்த்தது போல. ஹோஸ்டில் நிறுவியிருந்த அத்தனை மென்பொருளும் ஒரு நொடியில் மறைந்தது. பாஷ் இல்லை, சூடோ இல்லை. புதிதாக யாரும் லாகின் செய்ய முடியவில்லை. திறந்திருந்த என் ஒரு ஜன்னல் மட்டும் உயிரோடு இருந்தது. இசட்எஃப்எஸ் கட்டளை /எஸ்பின்னில் இருப்பதால் தப்பித்தேன். அன்மவுண்ட் என்று ஒரே ஒரு வரி அடித்து, எல்லாம் திரும்பி வந்ததைப் பார்த்த பிறகுதான் நாற்காலியில் சாய்ந்தேன். ஜெயிலின் நிர்வாகி மவுண்ட் புள்ளியை எங்கே வேண்டுமானாலும் வைத்திருக்கலாம், அதை நம்பி ஹோஸ்டில் ஏற்றக்கூடாது, அதனால்தான் அந்த மறுப்பு. இதையும் கையேடு தெளிவாகச் சொல்கிறது.

லினக்ஸ் கன்டெய்னர்களிலும் இதே குடும்பத்துக் கோளாறுகள்தான், வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும். அங்கே மவுண்ட் பட்டியலே ஒவ்வொரு கன்டெய்னருக்கும் தனி. 2002இலேயே அல் வைரோ கெர்னலில் அதற்கு இடம் செய்துவிட்டார். ஒரு ஸ்னாப்ஷாட்டின் குளோனை அழிக்கப் போனால் "பிஸி" என்று வரும். ஹோஸ்டில் பார்த்தால் எங்குமே மவுண்ட் ஆகியிருக்காது. தனி மவுண்ட் பட்டியலோடு ஓடிக்கொண்டிருக்கும் வேறு ஏதோ ஒரு புராசஸ் தன் பட்டியலில் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். /புராக் டைரக்டரியில் ஒவ்வொரு புராசஸின் மவுண்ட்இன்ஃபோ கோப்பிலும் அந்த டேட்டாசெட்டின் பெயரைத் தேடினால் ஆள் சிக்குவார். அவரை நிறுத்தினால் பிஸி போய்விடும். ஒரு நாள் முழுக்க ஹோஸ்டின் பட்டியலையே வெறித்துக்கொண்டிருந்த பிறகு எனக்குக் கிடைத்த வழி அது.

உள்ளே இருக்கும் டெவலப்பர்கள் அடிக்கடி கேட்பது இன்னொன்று: "ஸ்னாப்ஷாட் எடுக்கறீங்கன்னு சொல்றீங்க, எங்க கண்ணுக்கு ஒண்ணும் தெரியலையேண்ணா?" .இசட்எஃப்எஸ் என்ற டைரக்டரி எல்லாக் கோப்பையும் பட்டியலிடச் சொன்னாலும் காட்டாது. பெயரைச் சொல்லி உள்ளே போனால்தான் திறக்கும். திறக்கும் கணத்தில்தான் அந்த ஸ்னாப்ஷாட் மவுண்டே ஆகிறது. அதுவும் ஒரு மவுண்ட் என்பதால் ஜெயிலுக்குள் அனுமதி கேட்கும். புதிய பதிப்புகளில் அதற்கென்றே தனி அனுமதி வந்துவிட்டது. தெரியவில்லை என்பதால் இல்லை என்று ஆகாது. இருக்கிறது என்பதால் அதில் டேட்டா இருக்கிறது என்றும் ஆகாது. மில்லின் கதையில் நான் பட்டது இரண்டாவது.

இப்போது எங்கள் இரவு ஸ்கிரிப்ட் இன்னும் இரண்டு கேள்வி கேட்கிறது. டேட்டாசெட் ஹோஸ்டின் பார்வையில் மவுண்ட் ஆகியிருக்கிறதா? முந்தைய ஸ்னாப்ஷாட்டுக்குப் பிறகு எத்தனை பைட் எழுதப்பட்டிருக்கிறது? இரண்டாவதற்கு 'ரிட்டன்' என்றே ஒரு பண்பு இருக்கிறது, ஒரே கட்டளையில் சொல்லிவிடும். வேலை நாளில் அந்த எண் பூஜ்யமாக இருந்தால் மெயில் போதாது என்று போனுக்கே அழைப்பு வருகிற மாதிரி வைத்திருக்கிறோம். இதுவரை இரண்டு தடவை அழைத்தது. இரண்டு தடவையும் மில் லீவு.

மாதத்தின் முதல் சனிக்கிழமை அந்த அம்மா ஏதாவது ஒரு தேதியைச் சொல்வார். அந்த இரவின் ஸ்னாப்ஷாட்டைக் குளோன் போட்டு, டேட்டாபேஸை எழுப்பி, கடைசிப் பில்லின் எண்ணையும் தொகையையும் போனில் வாசிப்போம். அவர் தன் கோப்பிலிருந்து அதே தேதிப் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிடுவார். 2024 ஜனவரி 6ஆம் தேதி முதல் தடவை செய்தோம். அவர் கேட்டது டிசம்பர் 28. எண்ணும் தொகையும் சரியாக இருந்தன.